இரவல் பெயரில் ஒரு குளிர்காலம்

மலைக்காட்டு மரவேலையில் நிற்கிற மரம் ஆளைக் கொல்வது குறைவு. விழுந்து கிடக்கிற மரம்தான் கொல்லும்.

அதை விளங்கப்படுத்துவதற்கு முன், நடந்த அநியாயங்களை வரிசை பிசகாமல் சொல்லிவிடுகிறேன். முதலாவது, யாழ்ப்பாணத்தானாகிய நான் மட்டக்களப்புப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் வேலை செய்தபோது, எட்டு மணி நேர வேலை கேட்டு நோட்டீஸ் அடித்ததற்காக நிறுத்தப்பட்டேன். இரண்டாவது, நிறுத்தியவர் கோயில் தர்மகர்த்தா. அடுத்த திருவிழாவில் அன்னதானம் கொடுத்து ஊரில் நல்லவராகிவிட்டார். மூன்றாவது, அதே நோட்டீஸை வைத்து அரசாங்கம் என்னைப் பயங்கரவாதி என்று உள்ளே போட்டது. நாலாவது, வெளியே வந்தபோது எங்கள் இயக்கப் பொடியள், விடுதலையைப் பற்றி எழுத வேறு ஆட்கள் தேவையில்லை என்று சொல்லி, நான் நோட்டீஸ் அடிக்கிற றோனியோ மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஐந்தாவது, சுவிஸில் அகதி விசாரணையில் யாருக்குப் பயந்து வந்தீர் என்று கேட்டார்கள். மூன்று பகுதிக்கும் என்றேன். ஒரு பகுதிக்குப் பயந்தவனைத்தான் அவர்களுக்கு விளங்கியது.

ஆறாவது எனக்கு நடந்ததல்ல. என்னோடு காட்டில் வேலை செய்த யோகராசா என்பவன் செத்த பிறகு, அவன் யாரென்றே தெரியாது என்று சொல்லிப் புதைக்கப் பார்த்தார்கள். அப்படிப் புதைத்திருந்தால் ஊரில் அவன் பெண்சாதி, காணாமல் போனவர்களின் படத்தைப் பிடித்துக்கொண்டு இராணுவ முகாம் வாசல்களில் நிற்கிற பெண்களோடு சாகும்வரை நின்றிருப்பாள். ஆரா நகரில் முதியோர் இல்லத்தில் படுக்கை விரிக்கிறவர்களே, பீல் நகரில் கைக்கடிகாரத்துக்கு முள் பூட்டுகிறவர்களே, உங்கள் இடுப்பும் கண்ணும் படுகிற பாடு எனக்குத் தெரியும். இதையும் கேளுங்கள்.

மெலிந்த படம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு புயல் மலைக்காடுகளைப் படுக்கப் போட்டுவிட்டுப் போயிருந்தது. கிடந்த மரத்தை எடுக்க உள்ளூரில் ஆள் போதவில்லை. லுட்சேர்னிலிருந்து ரயிலும் போஸ்ட் பஸ்ஸும் மாறிப் போகிற ஒரு பள்ளத்தாக்கில், ஓர் ஒப்பந்தக்காரர் தமிழரைச் சேர்க்கிறார் என்று கேள்விப்பட்டு நாலு பேர் போனோம். அவரை நாங்கள் ஷெஃப் என்றோம். சுவிஸில் எல்லா முதலாளிக்கும் அதுதானே பெயர்.

நாலாவது ஆள் யோகராசா. மட்டக்களப்பில் மீன் ஏலம் கூறினவன். குரல் பெரிது, ஆள் சிறிது. அவனுடைய அகதி மனுவைத் தள்ளிவிட்டு, நாட்டைவிட்டுப் போ என்று சொல்லிவிட்டார்கள். லுட்சேர்னுக்குப் பக்கத்து எம்மன்புரூக்கேயில் தொழிற்சாலை வேலை செய்த அவனுடைய ஊரவன் மகேந்திரன், தன் விசாவின் பிரதியைக் கொடுத்து, என் பெயரில் போய் வேலை செய் என்று அனுப்பியிருந்தான். பஸ்ஸில் வரும்போதே நான் எச்சரித்தேன். “தம்பி, இரவல் விசாவில வேலை செய்யிறவனுக்கு உரிமை எண்டு ஒண்டும் கிடையாது. அடிபட்டால் ஒருத்தரும் பொறுப்பெடுக்க மாட்டினம்.” அவன் சிரித்தான். “பெயர் எண்டுறது சட்டை மாதிரித்தானே அண்ணை. குளிர் போனா கழட்டிக் குடுத்திட்டு மறுகா என்ட சட்டையப் போடுவன்.”

பிரதியிலிருந்த படத்தில் மகேந்திரனுக்கு உப்பிய கன்னமும் தடித்த மீசையும். முன்னால் நின்றவனுக்கு இரண்டும் இல்லை. ஷெஃப் படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் தாளை மடித்து யோகராசாவின் சட்டைப் பையிலேயே செருகினார். “மெலிந்துவிட்டாய் மகேந்திரன்; பரவாயில்லை, என் காட்டில் இன்னும் மெலிவாய்.”

சாமானோடு சாமானாக

பனிக்காலத்தில் காட்டுப் பாதையில் வாகனம் போகாது. பனியில் ஓடுகிற மோட்டார் சறுக்குவண்டி ஒன்றுதான் வழி. முன்னுக்கு இரண்டு சறுக்குக் கட்டை, பின்னுக்கு ஒரு பல்லுப் பட்டி, மேலே இருவர் இருக்கலாம். ஓட்டுகிறவர் அலோய்ஸ், அந்த ஊர்க்காரர், மரம் அறுப்பதில் பழுத்தவர், எங்கள் குழுவுக்குத் தலைவர். அவருக்குப் பின்னால் குழுவிலிருந்த இன்னொரு சுவிஸ்காரன். வண்டிக்குப் பின்னால் கயிறு கட்டி இழுபடுகிற தட்டில் மோட்டார் வாள், பெற்றோல் கான், இரும்புக் கம்பிச் சுருள், அதற்கு மேலே நாலு தமிழர். பட்டி கிளப்புகிற பனி முழுக்க எங்கள் முகத்தில்.

ஒருநாள் காலையில் நான் ஏறமாட்டேன் என்றேன். தொழிலாளியைச் சாமானோடு ஏற்றக்கூடாது என்று எனக்குத் தெரிந்த டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், சொல்லிவிட்டு மலையேறி நடந்தேன். இடுப்பளவு பனி. நான் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் காலைத் தேநீரை முடித்து, அரைவாசி மரத்தையும் இழுத்துவிட்டிருந்தார்கள். அடுத்த நாள் அலோய்ஸ் தட்டின் முன்பக்கம் ஒரு பலகை நிறுத்தி ஆணி அடித்திருந்தார், பனி தடுக்க. அன்றிலிருந்து என்னை ‘பிரெசிடென்ட்’ என்றுதான் கூப்பிடுவார்.

அதை என் வெற்றியாக எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்கு ஒரு சின்ன உரை நிகழ்த்தினேன். தட்டு குலுங்கிக் குலுங்கிப் போகையில் யோகராசா என் காதுக்குள் கத்தினான். “நீங்க வெண்டு தந்த பலகையால, அண்ணை, என்ட மூக்கு மட்டும் நனையேல்ல!”

அலோய்ஸின் சட்டம்

புயலில் விழுந்த மரம் நேராகக் கிடக்காது. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, வளைந்து, வில்லுப்போல இறுகிக் கிடக்கும். பனி மூடியிருப்பதால் எது எதைத் தாங்குகிறது என்று தெரியாது. வாள் வைத்த நேரத்தில் அது எந்தப் பக்கம் அடிக்கும் என்று அறுக்கிறவருக்கே கடைசி நொடியில்தான் விளங்கும். எங்கள் வேலை, கீழே நின்று அறுத்த மரத்துக்கு இரும்புக் கம்பி கொழுவுவது. ஆகவே அலோய்ஸ் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஆபத்தென்றால் ‘கவனம்’ என்று கத்தமாட்டார். அப்படிக் கத்தினால் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள், ஒருவனும் தப்பமாட்டான். யாருக்கு ஆபத்தோ அவன் பெயரைக் கூப்பிடுவார். பெயர் கேட்டவன் அவரையும் பார்க்கக்கூடாது, மரத்தையும் பார்க்கக்கூடாது. பக்கவாட்டில் பாய வேண்டும்.

இதைப் பழக்குவதற்காக நேரகாலமில்லாமல் பெயர் கூப்பிடுவார். தேநீர் குடிக்கும்போது கூப்பிடுவார், ஒதுங்கப் போன இடத்தில் கூப்பிடுவார். நாங்கள் கோப்பையோடு பாய்வோம். யோகராசா மட்டும் பாய்வதில்லை. “மகேன்!” என்று அலோய்ஸ் சுருக்கிக் கூப்பிட்டால் அவனும் எங்களோடு சேர்ந்து சுற்றிப் பார்ப்பான், பிறகுதான் நினைவு வந்து குதிப்பான். நாங்கள் தங்கியிருந்த மாட்டுக் கொட்டில் மேலறையில் அவனுக்குப் பயிற்சி கொடுத்தோம். கறி துழாவும்போது யாராவது மகேந்திரன் என்பார்கள், அகப்பையோடு பாய்வான், சுவரெல்லாம் மஞ்சள். கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினான். ஆனாலும் எங்களைவிட ஒரு மூச்சு பிந்தித்தான்.

அலோய்ஸுக்குக் காரணம் தெரியாது. காதில் கோளாறோ என்று ஒருநாள் அவனைப் பிடித்து இரண்டு காதுக்குள்ளும் பார்த்தார். பிறகு சொன்னார்: “உன் பெயர் உன்னிடம் வந்து சேர இலங்கையிலிருந்து கப்பலிலா வருகிறது?”

தபால்காரனின் கேள்வி

யோகராசாவின் பெண்சாதி பாக்கியம். அவள் எழுதுகிற கடிதம் எம்மன்புரூக்கேயில் மகேந்திரனின் விலாசத்துக்குத்தான் வரும், மகேந்திரனின் பெயரில். சொந்தப் பெயரில் தபால் வந்தால் பொலிஸ் மோப்பம் பிடிக்கும் என்று யோகராசாவுக்குப் பயம். உறைக்கு மேலே ‘திரு. மகேந்திரன்’, உள்ளே ‘என்ட ராசா’. மகேந்திரன் உடைக்காமல் சேர்த்து வைத்து, போகிற வருகிற ஆளிடம் கொடுத்தனுப்புவான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் யோகராசா ஊர்ச்சந்தியிலிருந்த தொலைபேசிக் கூண்டுக்குப் போவான். அங்கே ஊரில் அவள் ஒரு கடையில் வந்து காத்திருப்பாள். கூண்டுக்கு வெளியே நின்றாலும் அவன் கதைப்பது எனக்குக் கேட்கும். ஏலக் குரல் அல்லவா. ஒருநாள் கதைத்துவிட்டு வந்தவன் சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகத்தோடு வந்தான். என்ன என்று கேட்டேன். பாக்கியம் சொன்னதை அவள் குரலிலேயே சொல்லிக் காட்டினான். “தபால்காரன் கேக்கான், புருசன் வெளிநாட்டில இருக்கக்குள்ள ஆரு புள்ள அந்த மகேந்திரன் எண்டு!”

மகேந்திரன் எங்கே

பனி இளகத் தொடங்கிய ஒரு முன்பகல். நல்ல வெயில். அலோய்ஸ் மேலே ஒரு பெரிய ஊசியிலை மரத்தை வேரோடு சேர்ந்த இடத்தில் அறுத்துக்கொண்டிருந்தார். யோகராசா கீழே, கம்பிக் கொளுக்கியோடு. நான் சரிவின் மற்றப் பக்கம் கம்பிச் சுருளில் நின்றேன். வாள் சத்தம் நின்றது. அலோய்ஸின் குரல் கேட்டது. “மகேன்!”

பாய்ந்திருந்தால் தப்பியிருப்பான். பக்கத்தில் வெறும் பனிதான், ஒரு தடையும் இல்லை. அவன் நிமிர்ந்து இடமும் வலமும் பார்த்தான். மரத்தின் நுனி பனிக்குள்ளிருந்து கிளம்பி, பக்கவாட்டில் வந்து அடித்தது.

எங்களைச் சுமந்த தட்டிலிருந்து சாமானெல்லாவற்றையும் இறக்கி எறிந்தோம். அவனைப் படுத்தி, தலையை நான் மடியில் வைத்துக்கொண்டேன். அலோய்ஸ் அந்த வண்டியை அவ்வளவு மெதுவாக ஓட்டி நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு வளைவிலும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். யோகராசாவுக்கு நினைவு இருந்தது. வாயால் இரத்தம் வந்தது. பாதி வழியில் கடைசியாகக் கதைத்தான். “அலோய்ஸ் கூப்பிட்டவர்தான் அண்ணை… நான் மகேந்திரன் எங்க எண்டு பாத்தன்.”

ஒரு சாட்சி போதாது

பொலிஸ்காரர் சட்டைப் பையிலிருந்த பிரதியை எடுத்து எம்மன்புரூக்கேக்குத் தொலைபேசி அடித்தார். செத்தவனே எடுத்து ‘ஹலோ’ என்றான். மகேந்திரன் பயந்துபோய், என் விசாப் பிரதி தொலைந்துவிட்டது, யார் எடுத்தானோ தெரியாது என்று சொல்லி வைத்துவிட்டான். அதைக் கேட்டதும் ஷெஃபுக்கு உயிர் வந்தது. அந்த ஆளைத் தான் வேலைக்கே எடுக்கவில்லை, விறகு பொறுக்க வந்த யாரோ என்றார். படத்தைப் பார்த்து, மெலிந்துவிட்டாய் என்ற வாய்.

ஊர்க் காரியாலயத்தின் எழுத்தரிடம் நான் போனேன். பெயர் சொன்னேன், தகப்பன் பெயர் சொன்னேன், ஊர் சொன்னேன். மற்ற இரண்டு தமிழரும் அதற்கு முதல் நாளே பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களுடைய விசாவும் கேள்விக்குறிதான். எழுத்தர் கெட்ட மனிதர் இல்லை. நான் சொன்னது எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். ஆனால் அவனை நான் இந்த நாட்டில் வைத்துத்தான் அறிவேன். ஊரில் அவனைத் தெரிந்த, ஒழுங்கான விசா உள்ள இன்னொருவர் வந்து சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ‘அடையாளம் தெரியாத ஆண்’ என்றுதான் புதைக்க முடியும் என்றார். அப்படி ஓர் ஆள்தான் உலகத்தில் இருந்தான். அவன்தான் தெரியாது என்று சொல்லிவிட்டானே.

வெளியே அலோய்ஸ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் அவருக்கு முழுவதையும் சொன்னேன். இரவல் பெயர் என்றதும் அப்படியே படியில் குந்திவிட்டார். தான் கூப்பிட்டது வேறொருவனை என்று அவருக்கு விளங்க நேரம் எடுத்தது. பிறகு அந்த ஊரில் ஒரு வழக்கம் இருப்பதாகச் சொன்னார். ஊர்க் காட்டில் எவன் செத்தாலும், எந்த மதமானாலும், அடுத்த ஞாயிறு பூசையில் பாதிரியார் அவன் பெயரை வாசிப்பார். அவனோடு வேலை செய்தவர்கள் எழுந்து நிற்பார்கள். அதற்குப் பிறகுதான் குழி வெட்டுவார்கள். “நான் பெயரில்லாத ஒருவனுக்காக எழுந்து நிற்கமாட்டேன், பிரெசிடென்ட், ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த மனிதனைக் கொண்டு வா.”

எம்மன்புரூக்கே

மகேந்திரன் கதவைச் சங்கிலியோடு திறந்தான். பிறகு உள்ளே விட்டான். உப்பிய கன்னமும் மீசையும் படத்தில் இருந்தபடியே. தேத்தண்ணி போட்டான், இரண்டு பேரும் குடிக்கவில்லை.

“அண்ணை, நீங்க போராட்டக்காரன். மறியலில கிடந்து பழக்கம். நான் மனிசியக் கூப்பிட எழுதிப் போட்டிருக்கன். விசாவ இரவல் குடுத்தனெண்டு சொன்னா என்ட கதை முடிஞ்சுது.”

“அவன்ர கதை முடிஞ்சுதே.”

“நானா மரத்த அவன் மேல போட்ட? பாவமெண்டு உதவி செய்தன். உதவி செய்தவனயே நடுறோட்டில நிப்பாட்டப் பாக்கிறீங்க.”

“உதவிதான். அதில மிச்சத்தையும் செய்.”

“சொல்லுறது லேசு. நீங்க நோட்டீஸ் அடிச்சு எத்தின பேருக்கு வேலை போச்சுது எண்டு ஆலைக்காரச் சனம் இன்னும் கதைக்குது.”

அது உண்மையல்ல, ஆனால் அவனோடு வாதாட நான் வரவில்லை. என் வாழ்நாளில் ஆயிரம் பேருக்கு முன்னால் கதைத்திருக்கிறேன். அந்தச் சின்னக் குசினியில் ஒருவனுக்குச் சொல்ல எனக்கு ஒரு வசனமும் வரவில்லை. மேசையின் ஓரத்தில் வந்த தபால்கள் கிடந்தன. அதைப் பார்த்தபோதுதான் வாய் திறந்தது.

“சரி, நீ வரவேண்டாம். பாக்கியத்துக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லப் போறேல்ல. அவள் எழுதிக்கொண்டுதான் இருப்பாள், உன்ர விலாசத்துக்கு, உன்ர பேருக்கு. இனி வாறதை நீயே உடைச்சு வாசி. பதிலையும் நீயே எழுது.”

அவன் எழும்பி யன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். முகத்தைக் காட்டவில்லை. “போகேக்க கதவச் சாத்திட்டுப் போங்க அண்ணை.”

ஞாயிறு

தர்மகர்த்தா என்னை வேலையால் நிறுத்திய நாளிலிருந்து நான் எந்தக் கடவுளின் வீட்டுக்குள்ளும் கால் வைத்ததில்லை. அன்று தேவாலய வாசலில் பனிக்குள் நின்றேன். ஊர்ச்சனம் உள்ளே போனது. எழுத்தர் போனார். ஷெஃப் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு என்னைப் பார்க்காமல் போனார். மணியடித்து ஓய்ந்தது. அலோய்ஸ் வாசலில் என்னோடு நின்று பஸ் வருகிற பாதையைப் பார்த்தார்.

கடைசியாக வந்த போஸ்ட் பஸ்ஸில் ஒரேயொரு ஆள் இறங்கினான். தொழிற்சாலை யாக்கெட், பனிக்கு உதவாத சப்பாத்து, வழுக்கி வழுக்கி மேட்டில் ஏறி வந்தான் மகேந்திரன். எனக்கு வணக்கமும் சொல்லவில்லை. “நேற்று ஒண்டு வந்தது அண்ணை” என்று யாக்கெட் பையைத் தொட்டுக் காட்டினான். “உடைக்கேல்ல.”

எழுத்தரை வெளியே கூப்பிட்டு வந்தார் அலோய்ஸ். மகேந்திரன் தன் உடைந்த டொச்சில், நிறுத்தாமல் சொன்னான்: விசாவைக் கொடுத்தது நான்தான்; செத்தவரை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும்; அவருடைய கலியாணத்துக்கு நான் பந்தி பரிமாறினவன். எழுத்தர் அவனையும் அலோய்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார். கடைசியில் கேட்டார்: “இதைச் சொன்னால் உமக்கு என்ன நடக்குமென்று தெரியுமா?” மகேந்திரன் தமிழில்தான் பதில் சொன்னான், என்னைப் பார்த்து. “தெரியாட்டி நேற்றே வந்திருப்பனே எண்டு சொல்லுங்க.”

அதற்குப் பிறகு அவன் விசாரணைக்கு அலைந்ததையும், பெண்சாதியைக் கூப்பிடுவது வருடக்கணக்காகத் தள்ளிப்போனதையும் அவன் ஒருநாளும் எனக்குச் சொல்லிக்காட்டவில்லை. மரணப் பத்திரம் பாக்கியத்தின் கையில் போய்ச் சேர்ந்தது. ஷெஃப் இப்போதும் மரம் அறுப்பிக்கிறார் என்று கேள்வி.

உள்ளே போனோம். எழுத்தர் எழுதிக்கொடுத்த துண்டைப் பாதிரியார் வாங்கிக் கண்ணாடியை மாட்டினார். அலோய்ஸ் எழுந்தார், நான் எழுந்தேன், பின்வரிசை வாங்கில் மகேந்திரன் எழுந்தான், மற்றைய சுவிஸ்காரன் எழுந்தான். ஷெஃப் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தபடி இருந்தார். வேலைக்கே எடுக்காத ஒருவனுக்காக எப்படி எழுவது? முப்பது வருடமாகக் கோரிக்கை வைத்தவன் நான், அதில் முழுதாக வென்றது இது ஒன்றுதான், அதையும் நம்பாத கடவுளின் வீட்டில், ஓர் அந்நியப் பாதிரியாரின் வாயால், எழுத்தெழுத்தாகக் கேட்க வேண்டியிருந்தது: “கணபதிப்பிள்ளை யோகராசா.”